காற்றைக் குளிர வைத்தவர்களின் கதை: இன்டர்கூலர் மாத்துறதுக்கு முன்னாடி படிக்க ஒரு வரலாறு



டர்போ கார் வச்சிருக்கிற தம்பிகள் கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "டாக்டர், கம்பெனி கொடுத்த இன்டர்கூலரைக் கழட்டிட்டுப் பெருசா ஒண்ணு மாட்டினா பவர் ஏறுமா?"

ஒரே வரியில பதில் வேணும்னா: ஏறலாம், ஏறாமலும் போகலாம், சில சமயம் இருந்ததும் குறையலாம்.

மழுப்புறேன்னு நினைக்காதீங்க. நெஞ்சு எரியுதுன்னு வர்ற எல்லாருக்கும் ஒரே மாத்திரை எழுத முடியாதுல்ல? அதே கதைதான். எவ்வளவு சூடு, எங்க அடைப்புன்னு பார்க்காம மருந்து சொல்ல முடியாது. இதே கேள்வியை நமக்கு முன்னாடி விமானப் படைகளும் கார் கம்பெனிகளும் கேட்டிருக்காங்க. பணத்தைக் கொட்டிக் கேட்டவங்க உண்டு, உயிரைப் பணயம் வச்சுக் கேட்டவங்களும் உண்டு. அவங்களுக்குக் கிடைச்ச பதில்களைத்தான் இந்த இழையில சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

"டாக்டருக்கு வண்டியில என்ன வேலை"ன்னு கேக்குறவங்களுக்கு: இது முழுக்க முழுக்க ஆக்சிஜனும் வெப்பமும் பத்தின விஷயம். எங்க தினசரிப் பொழப்பே அதுதான்.

முதல்ல அடிப்படை. சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருப்பீங்க. பத்து, இருபது தடவை அடிச்சதும் பம்போட அடிப்பகுதி கை வைக்க முடியாத அளவு சுடும். உரசல் ஒரு காரணம்தான். பெரிய காரணம், காற்றை நெருக்கினா அது சூடாகும் என்பது. இதுக்கு விதிவிலக்கே கிடையாது.

டர்போ செய்யிறதும் இந்த நெருக்குற வேலையைத்தான். சைலன்சர் வழியா வீணாப் போற புகையை வச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தி, அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காற்று அதிகமாப் போனா ஆக்சிஜன் அதிகம். ஆக்சிஜன் அதிகம்னா எரிபொருளை அதிகமா எரிக்கலாம்.

இப்போ கணக்குக்கு வருவோம். மே மாசம், சென்னை, வெளியில 40 டிகிரி. டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்குதுன்னு வைங்க. அதாவது காற்றழுத்தத்தை இரண்டு மடங்கு ஆக்குது. 70 சதவீதத் திறன் உள்ள டர்போவா இருந்தா, அதிலிருந்து வெளியே வர்ற காற்றோட வெப்பம் சுமார் 138 டிகிரி. கொதிக்கிற தண்ணியை விட அதிகம்!

சூடான காற்று விரியும். இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்தும் இரண்டு மடங்கு ஆக்சிஜன் கிடைக்காது. இந்த உதாரணத்தில் ஒன்றரை மடங்குதான் தேறும். மீதியை வெப்பம் தின்னுடும்.

அதை விடப் பெரிய ஆபத்து இன்னொண்ணு இருக்கு. பெட்ரோல் இன்ஜினுக்குள்ள ஏற்கனவே சூடாப் போன கலவை, ஸ்பார்க் பிளக் பத்த வச்ச தீ வந்து சேர்றதுக்குள்ள, மூலையில தானாகவே வெடிக்கும். நாக்கிங். மெக்கானிக் அண்ணன்கள் "இன்ஜின் தட்டுது"ன்னு சொல்றது இதைத்தான். தொடர்ந்து தட்டினா பிஸ்டன் ஓட்டையாகிற வரைக்கும் போகும்.

ஆகவே டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு ரேடியேட்டர் வச்சு அந்தக் காற்றைக் குளிர வச்சு அனுப்புவோம் என்பதுதான் இன்டர்கூலர். அவ்ளோ தான் விஷயம். ஆனா இந்த "அவ்ளோ தான்" வண்டிக்குள்ள வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு.

டர்போவுக்குக் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃப்ரெட் பூக்கி. வருஷம் 1905. அது உருப்படியா வேலை செய்ய 20 வருஷம் பிடிச்சது. 1920களின் நடுவில் ஜெர்மனியில் இரண்டு பயணிகள் கப்பல்களில் மாட்டி, டீசல் இன்ஜினோட திறனை 1,750லிருந்து 2,500 குதிரைத்திறனுக்கு ஏத்திக் காட்டினார்கள்.

அந்த இடைவெளியில அமெரிக்காவுல விமானத்துக்காக ஒருத்தர் டர்போ மேல உக்காந்திருந்தார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ். உயரம் போகப் போகக் காற்று மெலிஞ்சு இன்ஜின் மூச்சுத் திணறும். மாஸ் என்ன செஞ்சார்னா, 1918ல் லிபர்ட்டி என்கிற விமான இன்ஜினை ஒரு லாரியில ஏத்தி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் இருக்கிற பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே கொண்டு போயிட்டார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், மேலே டர்போ இல்லாம 230தான் கொடுத்தது. டர்போ போட்டதும் 356. கீழே இருந்ததை விடவே கொஞ்சம் அதிகம்.

இந்த இடத்துல ஒரு டாக்டரா நான் தாண்டிப் போக முடியாத சம்பவம் ஒண்ணு இருக்கு.

1920 பிப்ரவரி 27. மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர், ஒஹாயோவின் டேட்டன் நகரில் இருந்து டர்போ பொருத்திய ஒரு இரட்டை இறக்கை விமானத்தில், மேலே மூடி இல்லாத காக்பிட்டில் உக்காந்து 33,000 அடியைத் தாண்டினார். அன்னைக்கு உலக சாதனை. வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழ். இன்ஜினுக்கு டர்போ இருந்தது, மேஜருக்கு ஆக்சிஜன் குழாய் இருந்தது. அந்தக் குழாய் பாதியில மக்கர் பண்ணிடுச்சு.

அந்த உயரத்துல ஆக்சிஜன் இல்லாம மனுஷனோட சுயநினைவு ஒரு நிமிஷம் தாங்கினாலே பெரிசு. என்ன ஆச்சுன்னு பார்க்க அவர் கண்ணாடியைத் தூக்கினார். கண் மேல இருக்கிற ஈரம் அப்படியே உறைஞ்சது. நினைவு போச்சு. விமானம் பல மைல் தலைகீழா விழுந்தது. தரைக்குச் சில ஆயிரம் அடி மேலே, காற்று அடர்த்தியான இடத்துக்கு வந்ததும் நினைவு திரும்பி, பாதிக் குருடா விமானத்தைத் தரையிறக்கினார். பார்வை பிற்பாடு திரும்பிடுச்சு.

இன்ஜினுக்கு மூச்சுக் கொடுக்கக் கத்துக்கிட்ட அளவுக்கு, ஓட்டுறவனுக்கு மூச்சுக் கொடுக்க அன்னைக்குக் கத்துக்கல. ஏவியேஷன் மெடிசின்னு எங்க துறையில தனிப் படிப்பே வளர்ந்ததுக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம்.

சரி, இன்டர்கூலருக்கு வருவோம்.

உயரம் கூடக் கூட, மெலிஞ்ச காற்றை அதிகமா அமுக்க வேண்டி வந்தது. அதிகமா அமுக்கினா அதிக சூடு. 1940கள்ல இந்தச் சூடு ஒரு நாட்டோட பிரச்சினையாவே ஆயிடுச்சு.

1941 செப்டம்பர் வாக்கில் பிரான்ஸ் கரையோரம் ஜெர்மனியின் ஃபோக்கே வுல்ஃப் 190 வந்து இறங்கினது. பிரிட்டனோட ஸ்பிட்ஃபயர் மார்க் 5 அதுக்கு ஈடு கொடுக்க முடியலை. எவ்வளவு பின்தங்கி இருக்கோம்னு பிரிட்டனுக்குத் துல்லியமாத் தெரிஞ்சது 1942 ஜூனில்தான். ஒரு ஜெர்மன் பைலட் வழி தவறி, தன் ஊர்னு நினைச்சு வேல்ஸில் இருக்கிற பெம்ப்ரி விமானத் தளத்துல ஃபோக்கே வுல்ஃபை அழகா இறக்கிட்டார்! ஓட்டிப் பார்த்தாங்க. சின்ன வட்டத்துல திரும்புறதைத் தவிர கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அதுதான் மேல். ஒவ்வொரு நாளும் இருபது, இருபத்தியிரண்டு வயசுப் பையன்கள் அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்துட்டு இருந்தாங்க.

நல்லவேளையா அதுக்கான மருந்து ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியில் ஏற்கனவே தயாராகிட்டு இருந்தது. 1938ல் அங்க வேலைக்குச் சேர்ந்த ஸ்டான்லி ஹூக்கர் அடிப்படையில ஒரு கணக்குக்காரர். மெர்லின் இன்ஜினோட காற்றமுக்கியைக் கையில எடுத்து, காற்று எங்கெல்லாம் வீணாகுதுன்னு கணக்குப் போட்டவர். அவரோட குழு, ஒரு சக்கரத்துக்குப் பதிலா இரண்டு சக்கரம் வச்சு இரண்டு கட்டமாக் காற்றை அமுக்கும் மெர்லின் 60 வரிசையை உருவாக்கிச்சு. (இது டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர். புகையால சுத்தாம இன்ஜினோட பல்சக்கரத்தால சுத்துறது. ஆனா காற்று சூடாகிற கதை இரண்டுக்கும் ஒண்ணுதான்.)

இரண்டு தடவை அமுக்கினா இரண்டு மடங்கு தலைவலி. அதை அப்படியே இன்ஜினுக்குள்ள விட்டா நாக்கிங்கில் சிதறிடும். அதனால காற்றமுக்கிக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே ஒரு குளிரூட்டும் பெட்டி. அதுக்குன்னு தனித் திரவம், தனி பம்ப், இறக்கைக்குக் கீழே தனி ரேடியேட்டர். இதனால இன்ஜின் சுமார் 9 அங்குலம் நீளமாச்சு, விமானத்தோட மூக்கும் நீண்டது.

சுவாரசியம் என்னன்னா, இந்த இன்ஜினை முதல்ல போர் விமானத்துக்காகச் செய்யவே இல்லை. ரொம்ப உயரத்தில் பறக்கிற வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்காகச் செஞ்சது. "இதை ஒரு ஸ்பிட்ஃபயரில் போட்டா என்ன ஆகும்"னு கம்பெனியின் எர்னெஸ்ட் ஹைவ்ஸ் கேட்டதாச் சொல்வாங்க. போட்டுப் பார்த்தாங்க. 30,000 அடியில் பழைய மெர்லின் 45ஐ விட 300 குதிரைத்திறன் கூடுதல். விமானம் மார்க் 5ஐ விடக் கிட்டத்தட்ட 70 மைல் வேகம் அதிகம்.

1942 ஜூலையில் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 முதன்முதலா 64ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. தூரத்துல இருந்து பார்த்தா மார்க் 5க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியாது. எதிரி பழைய ஆளுன்னு நினைச்சு நெருங்கினா, இது புதுசு. கிட்டப் போனாத்தான் தெரியும். மார்க் 5க்கு ஒரு இறக்கைக்குக் கீழே பெரிய பெட்டி, மறு இறக்கைக்குக் கீழே சின்ன பெட்டி. மார்க் 9க்கு இரண்டு பக்கமும் சமமான பெரிய பெட்டி. அந்தப் பெட்டிகளுக்குள்ள இருந்ததுல ஒண்ணு இன்டர்கூலரோட ரேடியேட்டர்.

இது இன்டர்கூலர் ஜெயிச்ச கதை. இனி சொல்லப் போறதுதான் "பெருசா மாட்டலாமா"ன்னு கேக்குற தம்பிக்கு நேரடியான கதை.

லாக்ஹீட் பி-38 லைட்னிங். அமெரிக்காவின் இரட்டை இன்ஜின் போர் விமானம். இதுல நிஜ டர்போவே உண்டு, இன்ஜினுக்கு ஒண்ணு. இன்டர்கூலரை எங்க வச்சாங்க தெரியுமா? இறக்கைக்குள்ளயே. அமுக்கின சூடான காற்றை இறக்கையோட முன்விளிம்புக்குள்ள ஓட விட்டுத் திரும்பக் கொண்டு வந்தாங்க. இறக்கையோட தகடே ரேடியேட்டர். தனிப் பெட்டி கிடையாது, காற்றுத் தடை கிடையாது. படத்துல பார்த்தா யாரும் கை தட்டுவாங்க.

ஆனா அது 1,000 குதிரைத்திறன் இன்ஜினை மனசுல வச்சுப் போட்ட டிசைன். இன்ஜின் வருஷா வருஷம் வளர்ந்துட்டே போச்சு, இறக்கை வளரலை. ஒரு கட்டத்துல 1,425 குதிரைத்திறன் கொடுக்கத் தயாரா இருந்த அலிசன் இன்ஜினை, காற்று குளிரலைங்கிற ஒரே காரணத்துக்காக 1,240லயே கட்டிப் போட வேண்டியதாச்சு.

1943ல் வந்த பி-38ஜேயில் மாத்தினாங்க. இறக்கையில இருந்து இன்டர்கூலரை எடுத்துட்டு, புரொப்பல்லருக்குக் கீழே தாடை மாதிரி ஒரு பெட்டியில சரியான ரேடியேட்டரா வச்சாங்க. 1,425ம் கிடைச்சது. காலியான முன்விளிம்புல பெட்ரோல் டேங்க்கும் வச்சுக்கிட்டாங்க. இன்டர்கூலர் அப்கிரேடுன்னா இதுதான் பாடப்புத்தக உதாரணம். எது அடைப்புன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் எடுத்தாங்க.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 1943-44 குளிர்காலத்துல, இங்கிலாந்தில் இருந்து ஜெர்மனிக்குக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையா லைட்னிங்குகள் 25,000, 30,000 அடியில மணிக்கணக்கில் பறந்தன. அங்க இன்ஜின்கள் மறுபடியும் மண்டையைப் போட ஆரம்பிச்சன. காரணங்கள் பல. பெட்ரோலோட தரம், பைலட் இன்ஜினை நடத்தின விதம் எல்லாம் சேர்ந்தது. அதுல ஒண்ணு, புது இன்டர்கூலர் அந்தக் குளிர்ல தேவைக்கு மேல குளிர வச்சது. மெதுவா, குறைஞ்ச பவரில் போகும்போது உள்ளே போற காற்று ரொம்பச் சில்லிட்டு, பெட்ரோல் சரியா ஆவியாகாம, அதுல கலந்திருந்த ஈயச் சேர்மம் பிரிஞ்சு படிய ஆரம்பிச்சது. திடீர்னு எதிரியைப் பார்த்து முழு பவர் கேட்கும்போது இன்ஜின் தாங்காது. பைலட்டுகளுக்கும் இதே கதிதான். இன்ஜின்கள் இரண்டும் இறக்கையில தள்ளி இருந்ததால காக்பிட்டுக்குச் சூடு வந்து சேராது. கை கால் விறைச்சுப் போய்த்தான் இறங்குவாங்க.

காய்ச்சலைக் குறைக்கிறேன்னு நோயாளியை ஐஸ் பெட்டியில வச்ச மாதிரி.

ஒரு சின்ன இடைச்செருகல், எங்க துறையில இருந்து. நம்ம உடம்புலயே ஒரு இன்டர்கூலர் இருக்கு. ஆண்களோட விதைப்பைக்குப் போற ரத்தக்குழாயைச் சுத்தி, கொடி படர்ந்த மாதிரி சிரைகளோட வலை ஒண்ணு இருக்கும். வயித்துக்குள்ள இருந்து 37 டிகிரியில கீழே வர்ற ரத்தம், அந்த வலையில மேலே போற குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துட்டு, தணிஞ்ச பிறகுதான் விதைப்பைக்குள்ள போகும். விந்தணு உற்பத்திக்கு உடம்பை விட 2, 3 டிகிரி குறைவான வெப்பம் வேணும். அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. அந்தச் சிரைகள் புடைச்சு ரத்தம் தேங்கிட்டா வேரிகோசீல். சிலருக்குக் குழந்தை தாமதமாக அதுவும் ஒரு காரணமாகலாம். கவனிங்க, இங்க வலை பெருசாத்தான் ஆகுது. ஆனா ஓட்டம் மந்தமாகிறதால குளிர்ச்சி குறையுது. இன்டர்கூலர் வாங்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கலாம், கடைக்காரர் கிட்ட மட்டும் விளக்கிட்டு இருக்காதீங்க.

இப்போ காருக்கு வருவோம்.

1962ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விட்டது. அதுல ஒண்ணு ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். இன்டர்கூலர் கிடையாது. அதுக்குப் பதிலா, தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோட பீச்சி அடிச்சுச் சூட்டைக் குறைச்சாங்க. அதுக்கு "டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்"னு பேரு. தத்துவம் சரி, வேலையும் செஞ்சது. சிக்கல் என்னன்னா, வண்டிக்காரர் அந்த டேங்க்கைத் தவறாம நிரப்பணும். தீர்ந்து போனா, இன்ஜினைக் காப்பாத்த பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாடு ஒண்ணு வச்சிருந்தாங்க. நிறைய பேர் நிரப்பலை. "வண்டி இழுக்கலை"ன்னு ஷோரூம் வாசல்ல நின்னாங்க. இரண்டே வருஷம், பத்தாயிரம் வண்டி கூட இல்லை, தயாரிப்பை நிறுத்திட்டாங்க. பிற்பாடு கம்பெனியே டர்போவைக் கழட்டிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

சர்க்கரை மாத்திரையை "நேத்து மறந்துட்டேன் சார்"ன்னு சொல்ற நோயாளிகளைத் தினம் பார்க்கிறவன் நான். எனக்கு இந்தக் கதை புதுசே இல்லை. இன்டர்கூலர் ஜெயிச்சதுக்குப் பாதிக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன். அதுக்கு யாரும் எதையும் ஊத்த வேண்டாம். ஒரு தடவை மாட்டினா, காற்று அடிக்கிற வரைக்கும் வேலை செய்யும்.

அடுத்து போர்ஷே. 1975ல் வந்த 911 டர்போவில் இன்டர்கூலர் கிடையாது. 3 லிட்டர், 260 குதிரைத்திறன். 1978ல் 3.3 லிட்டராக்கி, இன்டர்கூலரும் வச்சு 300க்குக் கொண்டு போனாங்க. அந்தக் காருக்கு இன்ஜின் பின்னாடி. அதனால இன்டர்கூலரைப் பின்பக்க மூடிக்கு அடியில இன்ஜின் தலை மேல வைக்க வேண்டியிருந்தது. அதுக்காகவே பின்னால இருக்கிற அந்த ஸ்பாய்லரோட வடிவம் டீ டிரே மாதிரி மாறிச்சு. ரசிகர்கள் அழகுன்னு போஸ்டர் ஒட்டிக்கிட்ட சமாச்சாரம், உண்மையில ஒரு ரேடியேட்டருக்குப் போட்ட கூரை.

இதே குடும்பத்து ரேஸ் கார் 935. 1976 உலகக் கோப்பைத் தொடரில் முதல் இரண்டு ரேஸையும் ஜெயிச்சது. அப்புறம் விதியைப் பார்க்கிறவங்க, பின்மூடி பத்தின ஒரு விதியைக் காட்டி, மேலே துருத்திட்டு இருந்த இன்டர்கூலர் செல்லாதுன்னுட்டாங்க. ரோட்டுல ஓடுற காரோட மூடி அதுக்கு மேல பொருந்தணுமாம். சீசன் நடுவுல மொத்தத்தையும் பிரிச்சு, உயரம் குறைஞ்ச, தண்ணியால குளிர வைக்கிற இன்டர்கூலருக்கு மாறினாங்க. இன்ஜினோ காற்றுல குளிர்ற இன்ஜின். இன்ஜினுக்குத் தண்ணி கிடையாது, இன்ஜின் குடிக்கிற காற்றுக்குத் தண்ணி ரேடியேட்டர்! நடுவுல மூணு ரேஸை பிஎம்டபிள்யூ தட்டிட்டுப் போச்சு. கடைசி இரண்டையும் ஜெயிச்சுத்தான் போர்ஷே கோப்பையைக் காப்பாத்திக்கிச்சு.

ஆனா இன்டர்கூலரோட உண்மையான மதிப்பு எவ்வளவுன்னு எடை போட எனக்குப் பிடிச்ச வண்டி அமெரிக்காவின் ப்யூக் கிராண்ட் நேஷனல். கறுப்பு நிறம், 3.8 லிட்டர் வி6 டர்போ. 1984, 85ல் இன்டர்கூலர் இல்லாம 200 குதிரைத்திறன். 1986ல் அதே இன்ஜினுக்கு இன்டர்கூலரும் வேற சில மாற்றங்களும் வந்தன. 235 ஆச்சு. அதாவது 17 சதவீதத்துக்கு மேல. அந்த வண்டி ரசிகர்கள் இன்னைக்கும் பழசை "ஹாட் ஏர்" வண்டின்னு தனியாப் பிரிச்சுத்தான் பேசுவாங்க. 1987ல் 547 வண்டிகள் மட்டும் ஜிஎன்எக்ஸ்னு வந்தது. இன்னும் பெரிய இன்டர்கூலர், வேற டர்போ, மாத்தின கம்ப்யூட்டர் நிரல் எல்லாம் சேர்த்து 276.

அதே வருஷம் ஃபோர்டு சியரா ஆர்எஸ்500. ரேஸ் விதிப்படி 500 வண்டி விற்கணும்னு, பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், நாலுக்குப் பதிலா எட்டு இன்ஜெக்டர் எல்லாம் வச்சு 500 வண்டி செஞ்சு வித்தாங்க. ரோட்டு வண்டியில அந்தக் கூடுதல் நாலு இன்ஜெக்டர் சும்மாதான் இருக்கும், இணைப்பே கிடையாது. இத்தனைக்கும் பவர் எவ்வளவு ஏறிச்சு? 204ல இருந்து 224. இருபதே இருபது. கூடவே, பெரிய டர்போ சுத்தி எழுந்திருக்க நேரம் எடுத்ததால, சாதாரண ஓட்டத்துல வண்டி முன்னை விட மந்தமா இருக்குன்னு வாங்கினவங்க உணர்ந்தாங்க. அதே சாமான் ரேஸ் டிராக்ல பூஸ்ட்டை ஏத்தினதும் 500 குதிரைத்திறனைத் தாண்டிச்சு. பெரிய இன்டர்கூலர் ரேஸுக்கு வாங்கினது. ரோட்டுக்காரனுக்கு அது சும்மா சுமை.

இப்போ நம்ம ஆரம்பக் கணக்கை எடுங்க. 138 டிகிரி காற்று. கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் 70 சதவீதம் வேலை செய்யுதுன்னு வைங்க. 138க்கும் 40க்கும் இருக்கிற 98 டிகிரி வித்தியாசத்துல 70 சதவீதத்தைக் குறைச்சு, 69 டிகிரிக்குக் கொண்டு வந்துடும். காற்றோட அடர்த்தி 20 சதவீதம் கூடும். ப்யூக்ல பார்த்த ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட வருதா?

இதைக் கழட்டிட்டு 85 சதவீதம் வேலை செய்யிற பெருசு ஒண்ணு மாட்டுறீங்க. 69 டிகிரி 55 ஆகும். அடர்த்தி எவ்வளவு கூடும்? 4 சதவீதம்.

இல்லாத இடத்துல வச்சா 20. இருக்கிற இடத்துல பெருசாக்கினா 4. பலகையில "இன்டர்கூலர் போட்டா பவர் பறக்கும்"னு எழுதி வச்சிருக்கிறவங்க முதல் கணக்கைச் சொல்லி இரண்டாவதை விற்கிறாங்க.

அந்த 4ம் முழுசாக் கைக்கு வராது. காற்று இன்டர்கூலருக்குள்ள நுழைஞ்சு வரும்போது கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். மட்டமான கோர், நெருக்கமான தகடு, வளைஞ்சு நெளிஞ்ச பைப். இதெல்லாம் சேர்ந்து கம்பெனி இன்டர்கூலரை விட 0.1 பார் கூடுதலாத் தின்னா, 2 பாரில் அது 5 சதவீதம். லாபம் 4, நஷ்டம் 5. வேரிகோசீல் ஞாபகம் வருதா?

அப்போ யாருக்குத்தான் பிரயோஜனம்? சூடு தேங்குற இடத்துல ஓட்டுறவங்களுக்கு. கம்பெனி இன்டர்கூலர் ஒரு தடவை மிதிச்சா சமாளிக்கும். தொடர்ந்து மிதிச்சா அதுவே சூட்டை உறிஞ்சி நிரம்பிடும். ரேஸ் டிராக்ல நாலாவது ரவுண்டு அப்படி. நாலு ஆளும் லக்கேஜும் ஏத்திக்கிட்டு கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல ஏறும்போதும் அப்படித்தான். வேகம் இல்லாததால எதிர்க்காற்று கிடையாது, ஆனா டர்போ முழுசா வேலை செய்யும். அப்போ உள்ளே போற காற்றோட வெப்பம் ஏற ஏற, நாக்கிங் வரக்கூடாதேன்னு வண்டியோட கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிப் பவரைக் குறைக்கும். கனமான, நல்ல கோர் உள்ள இன்டர்கூலர் அந்தச் சரிவைத் தடுக்கும். வண்டியை ரீமேப் பண்ணிப் பூஸ்ட்டை ஏத்தினவங்களுக்கும் தேவைப்படும். பி-38க்கு வந்த அதே பிரச்சினை, இன்ஜின் வளர்ந்துடுச்சு, கூலர் வளரலை.

ஆபீஸ், ஸ்கூல், கோயம்பேடு சிக்னல்னு ஓடுற வண்டிக்கு அவசியமே இல்லை. பெருசா ஒண்ணை ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னாடி மறைச்சு வச்சா, நம்ம ஊர் வெயிலுக்கு ஏசியும் படுத்துக்கும், இன்ஜின் டெம்பரேச்சரும் ஏறும்.

டீசல் வண்டிக்காரங்க கோவிச்சுக்க வேண்டாம், உங்களுக்கும் ஒரு பத்தி. டீசலில் நாக்கிங் பயம் இந்த மாதிரி கிடையாது. ஆனா உள்ளே போற காற்று குளிர்ந்தா எரியிற வெப்பமும் குறையும், அதனால நைட்ரஜன் ஆக்சைடு புகையும் குறையும். ஆஸ்துமா நோயாளிகளோட மூச்சுக்குழாயை எரிக்கிற வாயு அது. புகை விதிகள் இறுக இறுக, லாரி, பஸ் எல்லாத்துலயும் இன்டர்கூலர் வந்ததுக்கு இது முக்கியமான காரணம். பழைய டாடா வண்டிகள்ல டிசிஐசின்னு பார்த்திருப்பீங்க. டர்போசார்ஜ்டு, இன்டர்கூல்டு. மெக்கானிக்கல் படிச்சவங்க சிலர், காரில் இருக்கிறதை ஆஃப்டர்கூலர்னுதான் சொல்லணும், இரண்டு கட்டத்துக்கு நடுவுல இருந்தாத்தான் இன்டர்கூலர்னு சண்டைக்கு வருவாங்க. அவங்க சொல்றது சரி. ஆனா பட்டறையில போய் ஆஃப்டர்கூலர்னு கேட்டா யாரும் எடுத்துத் தர மாட்டாங்க.

ஆக, மாத்தணும்னு முடிவு பண்ணின தம்பி, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. ஓபிடி போர்ட்ல மாட்டுற ஸ்கேனர் ஒண்ணு வாங்குங்க, விலை அதிகமில்லை. இன்டேக் ஏர் டெம்பரேச்சர்னு ஒரு அளவு காட்டும். நீங்க வழக்கமா ஓட்டுற ரோட்டுல, வழக்கமா மிதிக்கிற மாதிரி மிதிச்சு, அரை மணி நேரம் அதை பதிவு பண்ணுங்க. ஃபோனைப் பக்கத்து சீட்டுக்காரர் கையில கொடுங்க, ஓட்டுறவங்க பார்க்க வேண்டாம். சில வண்டிகள்ல சென்சார் இன்டர்கூலருக்கு முன்னாடி, ஏர் ஃபில்டர் பக்கத்துல இருக்கும். அது வெளிக்காற்றைத்தான் காட்டும். அப்படியான்னு மெக்கானிக்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க.

வெளி வெப்பத்தை விட 10, 15 டிகிரிதான் அதிகம்னு காட்டினா, உங்க இன்டர்கூலருக்கு நோயே இல்லை. 30, 40 டிகிரின்னு ஏறி, இறங்க மாட்டேன்னு நின்னா, பேச வேண்டிய விஷயம் இருக்கு. அப்பவும் முதல்ல பழைய இன்டர்கூலரைக் கழுவிட்டு, ஹோஸ் கிளாம்ப் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு லீக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. உள்ளே டர்போ ஆயில் தேங்கி, வெளியே சேறு அப்பிக்கிட்டு இருந்தா எந்த இன்டர்கூலரும் வேலை செய்யாது. வாரண்ட்டி பாக்கி இருந்தா, கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க.

இதெல்லாம் முடிஞ்சு மாத்தினவங்க, அதே ரோடு, அதே நேரம், அதே கியர்ல ஓட்டி இரண்டு அளவையும் கமெண்ட்ல போடுங்க. வண்டி மாடலும் வெளி வெப்பமும் சேர்த்து எழுதுங்க.